அண்ணே, அந்த மூவாயிரம் வாட் எங்கே?

யாங்கோனில் கார் ஆடியோ கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

எல்லோரையும் சேர்த்துத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, ஒருத்தரைப் பெயர் சொல்லி மாட்டிவிடவும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு உங்களிடம் சில விஷயம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் வண்டி ஒரு பழைய ஹோண்டா ஃபிட், ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. பைக்குக்குத் தடை இருக்கிற ஊர் இது, அதனால் நம் பையன்களின் ஆசையெல்லாம் கார் மேலேயே போய் விழுகிறது, நானும் அதில் ஒருத்தன். சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சுங்கக் கார்டைப் போடவில்லை என்று தினமும் குறைபட்டுக்கொள்ளும். ரேடியோ 76-இல் தொடங்கி 90-இல் நின்றுவிடும், அந்த நாட்டு எஃப்.எம். கணக்கு அது, அதற்கு மேலே இங்கே பாடுகிற நிலையம் எதுவும் கேட்காது. சரி, மாற்றிவிடலாம் என்று உங்களில் ஒருவர் கடைக்குப் போனேன். சாயங்காலம் வெளியே வரும்போது புது ஸ்டீரியோ, கதவுகளில் நான்கு ஸ்பீக்கர், டிக்கியில் அடித்தொனிக்கான 12 அங்குல சப்வூஃபர், தங்க எழுத்தில் '3000 வாட்' என்று போட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர். பில்லில் 'சவுண்ட் செட் முழுசும்' என்று ஒரே வரி, பக்கத்தில் தொகை.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் மைக் செட்காரர் மகன். அப்பா கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டியவர். ஒரு தெரு முழுக்கக் கேட்கிற அந்தக் கூம்புக் குழாய்க்குள் போனது வெறும் 30 வாட். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலைத் தாண்டுகிற சாமான் அது. கார் கதவில் போடுகிற ஸ்பீக்கர் 88, 90 என்று நிற்கும். மூன்று டெசிபல் குறைந்தாலே அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆக, அட்டைப்பெட்டியில் வாட்டைப் பார்க்கிறதற்கு முன்னால் இந்த டெசிபல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்க எழுத்தைப் பார்த்ததும் மறந்துபோச்சு.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபியூஸ், 30 ஆம்பியர். வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட், பெருக்கினால் 420 வாட். அதுவும் உள்ளே போவது; ஆம்ப்ளிஃபயர் பழைய ஏ.பி. வகை என்றால் கிட்டத்தட்டப் பாதி சூடாகவே போய்விடும், வெளியே வருவது 200 சொச்சம். சூடாக வீணாவது குறைவான டி வகையாக இருந்தாலும் 350-ஐத் தாண்டாது. நிஜமாகவே 3000 வாட் வர வேண்டுமானால் பேட்டரியிலிருந்து 200 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற என் ஃபிட்டின் ஆல்டர்னேட்டர் அதில் பாதிகூடத் தராது. ஸ்டீரியோ முகப்பில் '50×4', அதாவது நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட், என்று போட்டிருப்பதும் இதே கதைதான். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஸ்டீரியோவுக்குள் இருக்கிற அந்தச் சின்ன ஐ.சி. சில்லு தொடர்ந்து தருவது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் சுமார். அது பொய்ச் சாமான் என்று சொல்லவில்லை. நான்கு கதவுக்கு நல்ல ஸ்பீக்கர் போட்டால் இன்செயின் ரோட்டு நெரிசலில் பாட்டுக் கேட்க அந்த 20 போதும்.

சத்தம் குறைவு என்பதுகூட என் புகார் இல்லை. டும் டும் என்று டிக்கி ஆடியது, முன் சீட்டில் மட்டும் பேஸே, அந்த அடித்தொனியே, இல்லை. மிருதங்கம் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு அட்டையைக் கழற்றி, ஒரு பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். வலது கதவில் காகிதக் கூம்பு வெளியே தள்ளியது. இடது கதவில் உள்ளே போனது. அதாவது ஒன்றில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள மற்றது இழுக்க, இரண்டும் சேர்ந்து பேஸைத் தின்றுவிட்டன. இரண்டு முனையைக் கழற்றி மாட்டினேன், மிருதங்கம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷ வேலை, ஒன்றரை ரூபாய் பேட்டரி என்று அப்பா காலத்துக் கணக்கில் சொல்லலாம்.

பாட்டுக்காரர் மட்டும் நடுவில் நிற்காமல் வலது கண்ணாடிப் பக்கமே நின்றார். அந்த ஸ்டீரியோவில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்று வைக்கிற வசதி இருக்கிறது. காதுக்கு அருகில் இருக்கிற ஸ்பீக்கரைத்தான் தாமதிக்க வேண்டும். இந்த ஊரில் சாலையில் வலது பக்கம் போகிறோம், ஆனால் ஓடுகிற ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டீரிங்கும் வலதில். புதிதாக வருகிறவற்றில் இடது. எனக்கு வைத்திருந்தது இடது ஸ்டீரிங் கணக்கு! டேப் வைத்து அளந்தேன், வலது கதவைவிட இடது கதவு 50 செ.மீ. தள்ளி. ஒலி ஒரு மில்லி விநாடியில் போவது சுமார் 34 செ.மீ., ஆக வலது ஸ்பீக்கருக்கு ஒன்றரை மில்லி விநாடி. வைத்ததும் பாட்டுக்காரர் டேஷ்போர்டுக்கு நடுவில் வந்து நின்றார். வேலை முடிந்ததும் கடைக்காரர் ஒரு தடவை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் வெளியே நின்று கதவைத் திறந்து வைத்துத்தான் கேட்டார்.

அப்புறம் ஒயர். தடியாக, சிவப்பாக, பார்க்க அழகாக இருந்தது. கத்தியால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குத் தாமிர முலாம். அதை விற்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், விலை குறைவு. ஆனால் அதே தடிமனுக்குத் தாமிரத்தைவிட மின்சாரத்தைக் கணிசமாகக் குறைவாகவே கடத்தும், நம் மழைக்காலத்து ஈரத்தில் முனை சீக்கிரம் அரித்துவிடும். அது போகட்டும், பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்தில் ஃபியூஸே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும், நடுவில் ஓடுகிற நான்கு மீட்டர் ஒயரைக் காப்பாற்றாது. எங்காவது தகரத்தில் உரசினால் வண்டியே எரியும் அண்ணே. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஒன்று போடுங்கள் என்றுதான் நிறுவும் கையேடுகளே சொல்கின்றன.

எனவே நான் கேட்பது: பில்லில் அந்த ஒரே வரி வேண்டாம். ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் தொடர்ந்து எத்தனை வாட் தரும் என்று ஆர்.எம்.எஸ். கணக்கில் எழுதுங்கள், ஸ்பீக்கர் எத்தனை ஓம், எத்தனை டெசிபல், ஒயர் தாமிரமா அலுமினியமா என்று எழுதுங்கள். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துகிற கெயின் குமிழைச் சத்தக் குமிழ் மாதிரி கடைசிவரை திருப்பி அனுப்பாதீர்கள், அப்படி அனுப்பியதில்தான் பையன்கள் கீச்சொலி தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கருக்கிக்கொண்டு மறுபடி உங்களிடமே வருகிறார்கள். (அதற்காகத்தான் திருப்புகிறீர்களோ என்று என் மாமா கேட்கிறார், நான் அப்படி நினைக்கவில்லை.) பட்ஜெட் குறைவு என்று ஒரு தம்பி வந்தால் சப்வூஃபரைக் காட்டுவதற்கு முன்னால் முன் கதவுக்கு நல்ல ஜோடியையும், கதவு ஓட்டைகளை அடைக்கும் ஷீட்டையும் காட்டுங்கள். உங்களுக்கு லாபம் கொஞ்சம் குறையும், தெரியும்.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். அந்தக் கடைக்காரர் இதைப் படித்தால் அவருக்கே தெரியும், வெள்ளி நிற ஃபிட். வரும் ஞாயிறு காலை வண்டியைக் கொண்டுவருகிறேன், பேட்டரிப் பக்கத்து ஃபியூஸை மட்டும் போட்டுக் கொடுங்கள். பென்சில் பேட்டரி நான் கொண்டுவருகிறேன். டீ உங்கள் கணக்கு.