காவல் நிலைய வாசலிலும் ஒரு நடுகல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழகக் காவல்துறை தன் அடையாளத்தைப் பேணுவதில் அண்மைக் காலமாகக் காட்டிவரும் அக்கறை பாராட்டத்தக்கது. எழும்பூரிலிருந்த பழைய ஆணையர் அலுவலகம் 2021-இல் காவல் அருங்காட்சியகமானது. 2022 ஜூலை 31 அன்று குடியரசுத் தலைவரின் சிறப்புக் கொடி வழங்கப்பட்டதையொட்டி, காவலர் முதல் தலைமை இயக்குநர் வரை அனைவரும் சீருடையின் இடது கையில் ஒரே சின்னத்தை அணியும் நிலை வந்தது. சென்னை மாவட்டக் காவல் சட்டம் 1859-இல் கொண்டுவரப்பட்ட செப்டம்பர் 6-ஆம் நாள், 2025 முதல் காவலர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆனால் பணியில் உயிர்நீத்தவர்களை நினைவுகூர்வது மட்டும் இன்னும் தலைநகரங்களோடு நின்றுவிடுகிறது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் 10 காவலர்கள் மாண்டதன் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாளில் சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள டி.ஜி.பி. அலுவலகத்திலும் மாவட்டத் தலைநகரங்களிலும் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் திறக்கப்பட்ட தேசிய நினைவகத்தின் சுவரில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இறந்தவர் எந்த ஊரில் இரவு ரோந்து சுற்றினாரோ, எந்த நிலையத்தின் வாசலில் பாரா நின்றாரோ, அந்த ஊரார் இந்த இடங்களுக்கெல்லாம் எப்போது போகப்போகிறார்கள்?

காவல் நிலையத்துக்குள் போனால், ஆய்வாளர் அறைச் சுவரில் அங்கு பணியாற்றிய ஆய்வாளர்களின் பெயர்ப் பலகையைப் பல இடங்களில் காணலாம். இன்ன தேதியில் வந்தார், இன்ன தேதியில் மாறுதலாகிப் போனார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்தப் பலகையில் தலைமைக் காவலருக்கோ சிறப்பு உதவி ஆய்வாளருக்கோ இடமில்லை. மாறுதலில் போனவருக்குக் கிடைக்கும் ஒரு வரிகூட, பணியிலேயே உயிர்விட்டவருக்குக் கிடைப்பதில்லை.

இது நம் மண்ணின் வழக்கமன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து நடுகல், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனின் பெயரைச் சொல்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லோ, மாடு மீட்கும் சண்டையில் மாண்டவனோடு நிறுத்தாமல், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. இறந்தவர் யார், எங்கே, எதற்காக என்பதைச் சம்பவம் நடந்த வட்டாரத்திலேயே இரண்டு மூன்று வரிகளில் எழுதி நிறுத்தினார்கள். அரசன் ஊருக்குக் கொண்டுபோகவில்லை.

2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலைய சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடர்களை நள்ளிரவில் இருசக்கர வாகனத்தில் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் காலமாயிருந்தால் ஊரார் தாமே கல்லெடுத்து நட்டிருப்பார்கள். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனும் அப்படி நினைக்கப்பட வேண்டியவரே. இருவர் குடும்பத்துக்கும் அரசு நிதியுதவி அளித்தது; அது கடமை, செய்தார்கள். அந்தந்த ஊர் நினைவில் அவர்களை நிறுத்துவது வேறு வேலை.

ஆகவே, பணியின்போது இறந்தவர்கள் கடைசியாகப் பணியாற்றிய நிலையத்தின் வாசலில், உள்ளே வருபவர் கண்ணில் படும்படி ஒரு கல் நிறுத்தத் தலைமை இயக்குநர் உத்தரவிட வேண்டும். சிலையோ மண்டபமோ தேவையில்லை. பெயர், பதவி, நாள், இடம், இறந்த விதம் ஆகியவை போதும். யார் திறந்து வைத்தார், யார் முன்னிலை வகித்தார் என்ற வரிகளைத் தயவுசெய்து தவிர்க்கட்டும். கொள்ளையரிடம் பட்டவரை மட்டுமன்றி, இரவு ரோந்தில் விபத்தில் இறந்தவரையும், கொரோனா காலத்துப் பணியில் தொற்றி மாண்டவரையும் சேர்க்க வேண்டும். வாசகத்தைப் பொறிக்குமுன் குடும்பத்தாரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது முறை.

காவல் நிலையத்தின் மீது மக்களுக்கு மனக்குறைகள் உண்டு என்பதையும், அவற்றில் பல நியாயமானவை என்பதையும் நான் மறுக்கவில்லை. அதற்கான தீர்வு விசாரணையும் தண்டனையும்தான். ஆடு திருடரைத் துரத்திப்போய் இறந்தவரின் பெயரை எழுதாமல் விடுவதால் அந்தக் குறை எதுவும் தீராது. பழைய இறப்புகளின் விவரம் மாவட்டக் காவல் அலுவலகங்களின் பணிப்பதிவேடுகளில் இருக்கும் என்பதால், அடுத்த அக்டோபர் 21-க்குள் மாவட்டத்துக்கு ஒரு நிலையத்திலாவது இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவெறும்பூர்.