விசாவுக்காக எழுதிக் கொடுத்த வாக்கு

சென்னையிலும் கோவையிலும் இருந்துகொண்டு ஜோகன்னஸ்பர்க் திட்டங்களுக்கு ஆள் அனுப்பும் மேலாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பி வந்தவன் நான். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதியில், ஒரு வங்கியின் பழைய மெயின்பிரேம் (பெரிய மையக் கணினி) நிரல்களோடு மூன்று வருடமாக வேலை. கம்பெனிக்குள் மாற்றலாகி வருவோருக்கான விசா. 4 ஆண்டுதான், நீட்டிப்பு கிடையாது. அடுத்த ஆண்டு கிளம்பிவிடுவேன். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பொது வேலை விசா என்றால் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். இந்த விசாவுக்கு அது வேண்டாம். ஆனால் வருகிறவரின் திறமையை உள்ளூர்க்காரருக்குக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். என் விண்ணப்பத்திலும் அது இருந்தது. நகல் என் மேசையில்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. முதல் ஆறு மாதம் கேடி, அதாவது வேலை அறிவைக் கைமாற்றும் பயிற்சி, நடந்தது, உண்மைதான். வங்கியின் மூத்த ஊழியர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, சென்னையில் பதினொன்றரை ஆகும்போது, அங்கே ஆஃப்ஷோரில், அதாவது சென்னை அலுவலகத்தில், இருக்கும் பிள்ளைகளுக்கு அதை விளக்குவேன். இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டதெல்லாம் சென்னைக்குப் போனது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று எதுவும் நடக்கவில்லை.

என் பக்கத்து இருக்கையில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். 12 மாத லேனர்ஷிப், அதாவது வேலையோடு சேர்ந்த பயிற்சி. இரவில் தானாக ஓடும் நிரல் வேலை (ஜாப்) ஏன் நடுவில் நிற்கிறது என்று காட்டுவீர்களா என்று கேட்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரத்தை, வேலை நேரம் பதியும் டைம்ஷீட்டில் எந்தக் கணக்கில் எழுதுவது? அதற்கு ஒரு குறியீடே இல்லை. பில்லிங் இல்லாத, அதாவது வாடிக்கையாளரிடம் பணம் வாங்க முடியாத, வேலை வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. 12 மாதம் முடிந்ததும் அவள் போய்விட்டாள். அதே வேலைக்குச் சென்னையிலிருந்து இன்னொருவர் வந்தார்.

இங்கே ஆளே கிடைப்பதில்லை என்பீர்கள். பாதி உண்மை. மென்பொருள் உருவாக்குநர் வேலை இந்த அரசின் அரிய திறன் பட்டியலிலேயே இருக்கிறது. பத்து வருட அனுபவக்காரர் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் முதல் இரண்டு வருடம் யாரும் கொடுக்காவிட்டால் பத்து வருட அனுபவம் எங்கிருந்து வரும்? வேலையின்மை 30 விழுக்காட்டைத் தாண்டிய நாடு இது. 24 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காடு. இவ்வளவு பேர் வேலை தேடும் ஊரில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். போட்டியே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஒரு தம்பியைக் கோயிலில் சந்தித்தேன். 'அண்ணா' என்பதைத் தவிர அவனுக்குத் தமிழ் அதிகம் வராது. கம்ப்யூட்டர் படித்தவன். எங்கள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பதில்கூட வராதவன். உங்களுக்கு எப்படிக் கிடைத்தது அண்ணா என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் அதிகம் வலித்தது. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து சேர்ந்தது. அப்படி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் வந்தவன் அவன். அவர்கள் பட்ட பாட்டோடு என்னுடையதை ஒப்பிட மாட்டேன். ஆனாலும் இந்த விசாவில் நானும் கம்பெனி மாற முடியாது. வாயைத் திறந்தால் ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே மூன்று வருடம் போய்விட்டது.

சரி, என்ன கேட்கிறேன்? அந்தத் திட்டத்தில் கற்றுக்கொள்ளப் போகிறவர் இன்னார் என்று பெயர் போடுங்கள். கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு டைம்ஷீட்டில் ஒரு குறியீடு திறந்து வையுங்கள், வாரம் நான்கு மணி நேரமாவது. அதன் செலவை வாடிக்கையாளரிடம் பேசி வாங்குவது உங்கள் பொறுப்பு. நான்கு ஆண்டு முடிந்து ஒருவர் கிளம்பும்போது, கற்றுக்கொண்டவருக்கே அந்த வேலையைக் கொடுங்கள்.

அடுத்த ஆண்டு என் இடம் காலியாகும். சென்னையில் ஆள் தேடத் தொடங்கும் முன், அந்தச் சொவேட்டோ பெண்ணை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். மீதி இருக்கும் மாதங்களில் அவளுக்குக் கற்றுக்கொடுக்க நான் தயார்.

அன்புடன்,
உங்கள் ஆன்சைட் பொறியாளர் ஒருவன்
ஜோகன்னஸ்பர்க்