மிளகு தெரியவில்லை என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அன்றைக்கு நாம் ஒயின் ருசி பார்க்க உட்கார்ந்தபோது, ஐந்தாவது கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு எதிலயுமே மிளகு தெரியலண்ணே" என்று மெதுவாகச் சொன்னாய். அதற்குள் மற்ற எல்லாரும் "ஆமா, மிளகேதான்" என்று தலையாட்டி முடித்திருந்தார்கள். அப்புறம் நீ வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் குறிப்புகளைப் படித்தபோது உன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். கிளம்பும் நேரத்தில் அதை நான் கேட்டு வாங்கினேன் அல்லவா? மறுநாள் காலை நிதானமாகப் படித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் குடித்தது சிரா என்ற கருந்திராட்சையின் சிவப்பு ஒயின். அதில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற ஒரு சேர்மம். திராட்சையின் தோலில் இருப்பது. மிளகின் வாசனைக்கும் இதே சேர்மம்தான் முக்கியக் காரணம். 2008-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். ஒரு கிராம் ரோட்டண்டோனை 6 கோடியே 25 லட்சம் லிட்டர் ஒயினில் கரைத்தால் வருகிற அளவு அது. அவ்வளவு நுணுக்கமான மூக்கு மனிதனுக்கு! ஆனால் அதே ஆய்வில், சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தண்ணீரில் லிட்டருக்கு 4000 நானோகிராம் கலந்து கொடுத்தும் எதுவும் தெரியவில்லை. பயிற்சிக்கும் கவனத்துக்கும் இதில் வேலையில்லை. அந்த ஒரு வாசனைக்கு மட்டும் அவர்கள் மூக்கில் கதவு கிடையாது, அவ்வளவுதான். மற்ற எல்லா வாசனையும் நன்றாகவே தெரியும்.

"மிளகு எனக்குத் தெரியுமே, தினமும் சாப்பிடுறேனே" என்று நீ கேட்கலாம். மிளகைக் கடித்தால் நாக்கில் சுரீரென்று ஏறுகிற உறைப்பு பைப்பரின் என்ற வேறொரு பொருளின் வேலை. அதற்கு மூக்கே தேவையில்லை. மிளகின் மணத்திலும் ரோட்டண்டோன் தவிர வேறு பல சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அவை உனக்கு எட்டும். அதனால் மிளகு தெரிந்தவனுக்கு ஒயினில் இருக்கும் மிளகு தெரியாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நாம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். அந்த ஐந்தில் ஒருவர் கணக்கை வைத்துப் பார்த்தால், உன்னைத் தவிர இன்னொருவருக்கும் தெரியாமல் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவரும் தலையாட்டினார். அதற்குக் காரணம் நான்தான். முதல் கிளாஸை மோந்தவுடனே "மிளகு" என்று உரக்கச் சொன்னது நான். யாரும் எழுதி முடிக்கும் முன் ஒரு வார்த்தையைக் காற்றில் விட்டால் எல்லா மூக்கும் அதைத்தான் தேடும். இத்தனை வருடம் ருசி பார்க்கிறவன் அந்தத் தவறைச் செய்திருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு.

சரி, உன் தாளுக்கு வருகிறேன்.

ஐந்தும் ஒரே விவசாயியின் சான் ஜோசப் பகுதி ஒயின். பிரான்சின் ரோன் ஆற்றுக்கு மேற்குக் கரையில், பெரும்பாலும் கிரானைட் பாறைச் சரிவுகளில் விளைகிற சிரா. ஒரே தோட்டம், ஒரே கை, திராட்சை விளைந்த ஆண்டு மட்டும் வேறு. துணி சுற்றிய பாட்டில்களை நான் ஊற்றிய வரிசை 2016, 2013, 2018, 2021, 2015. இது உங்கள் யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் நீ எழுதிய ஒரு வரியை அப்படியே தருகிறேன்: "ரெண்டும் நாலும் அண்ணன் தம்பி. ரெண்டுக்கு வயசாயிடுச்சு."

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது 2013, நான்காவது 2021. ஐந்தில் குளிர்ந்த ஆண்டுகள் இந்த இரண்டும்தான். 2013-ல் வசந்தம் குளிராகவே போனது. பூப்பது தாமதமாகி, காய் பிடிப்பது குறைந்து, அறுவடை அக்டோபர் வரை இழுத்தது. 2021-ல் முன்கூட்டியே துளிர்த்த கொடிகளை ஏப்ரல் உறைபனி கருக்கியது. அப்புறம் வந்த கோடையும் மழையும் மேகமுமாகவே இருந்தது. எட்டு வருட இடைவெளியுள்ள இரண்டு ஒயின்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே குடும்பம் என்று நீ ஒருவன்தான் சொன்னாய். நாங்கள் மற்றவர்கள் மிளகைத் துரத்திக்கொண்டிருந்தோம்.

எப்படிப் பிடித்தாய் என்பதும் உன் தாளிலேயே இருக்கிறது. நான்காவதற்கு, "புளிப்பு நாக்கு ஓரமா ஓடுது, முழுங்கின பிறகும் நிக்கல" என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதற்கு, "அதே ஓட்டம், துவர்ப்பு கரைஞ்சு மெத்துனு இருக்கு." வெயில் கொளுத்தும் ஆண்டில் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் பிறகு ஆல்கஹாலாகிறது. குளிர்ந்த ஆண்டில் புளிப்பு பழத்திலேயே தங்கிவிடும். நம் 2021 பாட்டிலில் ஆல்கஹால் 12.5 சதவீதம், 2018-ல் 14. துவர்ப்பு வேறு கதை. அதைத் தரும் டானின் என்ற பொருள்கள் பாட்டிலுக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறி, கரடு போய் மென்மையாகும். புளிப்பு பெரிதாக மாறாது. ஆகவே புளிப்பு ஆண்டைச் சொல்கிறது, துவர்ப்பு வயதைச் சொல்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆயிற்று. ஆங்கிலத்தில் ருசிக் குறிப்பு எழுதுகிறவர்கள் டானினை விளக்கப் பட்டு, வெல்வெட், மரத்தூள் என்று எதையெல்லாமோ தேடுகிறார்கள். நமக்குத் துவர்ப்பு என்று ஒரே சொல், அறுசுவையில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. நீ அந்தச் சொல்லை எடுத்து இயல்பாக எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

குளிர்ந்த ஆண்டில் மிளகும் கூடும். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் பகுதியில் ஒரே தோட்டத்தின் பல ஆண்டு ஒயின்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த ஆண்டுகளில் ரோட்டண்டோன் அதிகம். பழம் பழுக்கும் காலத்தில் குலையின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் நீடித்தால் குறைகிறது. எங்கள் மூக்குக்கும் 2013, 2021 இரண்டிலும்தான் மிளகு தூக்கலாக இருந்தது. ஆக நாங்கள் மூக்கால் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நீ நாக்கால் வந்து சேர்ந்திருக்கிறாய். இன்னும் சொன்னால், நாங்கள் அந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவே இல்லை.

2016 பற்றி நீ எழுதியது ஒரே சொல்: "நல்லாருக்கு." எனக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை. எதுவும் மிகையாகாத, அமைதியான ஆண்டு. 2015-ஐ "கனம், ஆனா நிக்குது" என்கிறாய். அதுவும் சரி. வெயில் ஆண்டுதான், ஆனாலும் துவர்ப்பு உறுதியாகத் தாங்குகிறது. இன்னும் ஐந்து வருடமாவது திறக்காமல் வைத்திருக்க வேண்டியது அது.

2018-ல்தான் உன்னோடு உடன்பட மாட்டேன். "சூடு, தொண்டை எரியுது" என்று எழுதிக் கடைசி இடம் கொடுத்திருக்கிறாய். பாட்டில்களை நான் சீக்கிரமே வெளியே எடுத்து வைத்துவிட்டேன். ஊற்றும்போது 22, 23 டிகிரி இருந்திருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முன்னால் துருத்திக்கொண்டு வரும், 14 சதவீத ஒயினில் இன்னும் அதிகமாக. மிச்சத்தை மறுநாள் 16 டிகிரிக்குக் குளிரவைத்துப் பார்த்தேன். எரிச்சல் அடங்கிவிட்டது. கருப்பு ஆலிவ் வாசனையும் வயலட் பூ வாசனையும் எட்டிப் பார்த்தன. பழம் அடர்த்தியாக, தாராளமாக இருந்தது. புளிப்பு குறைவு என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசி இடத்துக்குரிய ஒயின் இல்லை. அது என் ஊற்றலில் வந்த குறை.

2021-லும் கால் பாட்டில் மிச்சம் இருந்தது. இரண்டாம் நாள் அதில் மிளகு எனக்கே பாதிதான் தெரிந்தது. சிவந்த பழமும், நீ சொன்ன அந்த ஓட்டமும் அப்படியே நின்றன. மிளகு இல்லாமல் இந்த ஒயின் உன் வாயில் எப்படி இருக்கும் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. மெலிந்ததாகவே இல்லை. அந்த ஒயினில் எனக்கு மிகவும் பிடித்தது புளிப்புதான் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

2013-ல் இன்னும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன், 2021-ல் இரண்டு. அடுத்த முறை மூன்றையும் 16 டிகிரியில் ஊற்றுகிறேன். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது, முக்கியமாக நான். முதலில் படிக்கப்போவது உன் தாள். மடித்துப் பையில் வைக்காதே.

அன்புடன்,
அண்ணன்