வேதாகமச் சொல் தேடல்: சனிக்கிழமை பயிற்சி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வரும் சனி மாலை 6 மணிக்கு ஆலய ஹாலில், வேதாகமத்தில் சொல் தேடும் மென்பொருளைப் பழகப் போகிறோம்.

1. போன் அல்லது லேப்டாப், கூடவே உங்கள் வேதாகமம்.
2. முழுச் சொல்லையும் தட்டாதீர்கள். நான் ‘அன்பு’ என்று தேடினேன்; ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ (1 யோவான் 4:8) வரவே இல்லை, மனசு கேட்கவில்லை. ‘அன்ப’ வரை தட்டினேன். அன்பின், அன்பாய், அன்பாகவே எல்லாம் வந்துவிட்டன.
3. பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம்’, 1995 பொது மொழிபெயர்ப்பில் ‘நம்பிக்கை’. இரண்டையும் தேடுங்கள்.
4. வசனம் கிடைத்ததும் அந்த அதிகாரத்தையும் படியுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், தமிழில் தட்டத் தெரியாத பெரியவர்களுக்கு உதவ 2 பிள்ளைகள் வேண்டும்.