சாவியைத் திருப்பியும் நிற்காத டீசல் எஞ்சின்: பயிற்சி ஆசிரியர்களுக்கும் பட்டறைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டீசல் மெக்கானிக் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், பட்டறைகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வால்வு கிளியரன்ஸ் வைப்பது, இன்ஜெக்டரைச் சோதிப்பது, பம்ப் டைமிங் பிடிப்பது என்று எல்லாவற்றையும் கைபிடித்துச் சொல்லித்தருகிறீர்கள். தறிகெட்டு ரேஸ் ஆகிற எஞ்சினை எப்படி நிறுத்துவது என்பதையும் அதே அக்கறையோடு செய்துகாட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அது நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது. கை ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடினால் காற்று குறையும், வேகம் விழும். டீசல் எஞ்சினில் பெரும்பாலும் காற்றுக்குத் தடையே கிடையாது. எவ்வளவு டீசல் போகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே எரியக்கூடிய எதுவும் காற்றுப் பாதை வழியாக உள்ளே வந்தால், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு அதன்மேல் பிடியே இல்லை. கவர்னர் டீசலை முழுக்க நிறுத்தினாலும் எஞ்சின் ஓடும். அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் எஞ்சின் ஆயிலும் நன்றாகவே எரியும். வேகம் ஏற ஏற, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இன்னும் ஊதும், கிராங்க் சுழலும் கூடான கிராங்க்கேஸில் அழுத்தம் இன்னும் கூடும், ஆயில் இன்னும் வரும். தன் தீனியைத் தானே இழுத்துக்கொள்ளும் எஞ்சின் அது.

அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாடத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் ஆயில் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். பேரிங்குக்கு வரும் ஆயில் தடையில்லாமல் கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் தொட்டிக்கு, இறங்கினால்தான் அந்த வளையம் வேலை செய்யும். டிரெயின் பைப் கரி பிடித்து அடைந்திருந்தாலோ, தேய்ந்த ரிங்காலும், கிராங்க்கேஸ் ஆவியை வெளிவிடும் ப்ரீத்தர் அடைபட்டதாலும் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறியிருந்தாலோ, ஆயிலுக்கு இறங்க வழியில்லை. டர்போ காற்றை ஊதும் கம்ப்ரசர் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். டிரெயின் பைப்பையும் ப்ரீத்தரையும் பார்க்காமல் புது டர்போ மாட்டினால் அதுவும் ஆயில் கக்கும். பழி டர்போ மேல் விழும்.

அதைவிட மோசமானது, டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பழைய டர்போ கக்கிய ஆயில் அதற்குள் தேங்கி நிற்கும். புது டர்போ மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து நிம்மதியாகி ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அந்த நொடியில், தேங்கியது மொத்தமும் ஒரே வீச்சில் சிலிண்டருக்குள் போகும். எனவே டர்போ போனால் இன்டர்கூலரையும் அதன் ஹோஸ்களையும் கழற்றி, வடித்து, கழுவித்தான் மாட்ட வேண்டும். கழுவிய பெட்ரோலோ சால்வென்டோ சொட்டுக்கூட மிச்சமில்லாமல் உலர வேண்டும், அதுவும் எரிபொருள்தானே.

டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவும் ஆபத்து. ஆயில் கூடுதலாக ஊற்றியிருக்கலாம். ஒழுகும் இன்ஜெக்டர் வழியாக டீசல் சம்ப்பில் இறங்கியிருக்கலாம். டி.பி.எஃப் எனும் புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளில் அதைச் சூடேற்றக் கூடுதலாகத் தெளிக்கும் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஊற்றாமலே ஆயில் ஏறினால் வண்டியை எடுக்கக் கூடாது. பழைய எஞ்சின்களில், தேங்கிய ஆயிலால் காற்றைச் சுத்தம் செய்யும் ஆயில் பாத் ஏர் ஃபில்டரில் கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் இதே வேலையைச் செய்யும்.

வெளிக் காற்றில் எரிவாயு கலந்திருந்தால் பழுதே இல்லாத எஞ்சினும் ரேஸ் ஆகும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்தில், கசிந்த ஆவிக்குத் தீ வைத்ததாகக் கருதப்படுவது அருகில் ஐடிலில் நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி. ஆவியை இழுத்து அதன் எஞ்சின் ரேஸ் ஆனது.

இன்னொரு வகை, டீசல் பம்பில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி முழு டீசல் நிலையில் சிக்கிக்கொள்வது. நெடுநாள் நிறுத்திவைத்த எஞ்சினிலும், பம்ப் பிரித்து மாட்டிய பிறகும் இதை எதிர்பார்க்க வேண்டும். இதில் எரிவது டீசல், பெரும்பாலும் கரும்புகை. ஆயில் எரிந்தால் நீலம் கலந்த வெண்புகை. ஆனால் புகையைப் பார்த்து நோய் கண்டுபிடிக்க அப்போது அவகாசமில்லை. டீசலை நிறுத்தினால் ஒரு வகைதான் நிற்கும், அதுவும் ஃபில்டரிலும் பைப்பிலும் இருப்பது தீர்ந்த பிறகு. காற்றை அடைத்தால் எல்லா வகையும் நிற்கும்.

வரிசை இதுதான். வேகம் தானாக ஏறுகிறது என்றதும் சாவியை அணை, ஸ்டாப் கம்பி இருந்தால் இழு. இரண்டு நொடியில் இறங்கவில்லையா, காற்றை அடை. சீட்டில் ஆள் இருந்து, மேனுவல் கியராக இருந்து, முன்னால் ஆளில்லாவிட்டால், டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்தபடி கிளட்ச்சைச் சட்டென விட வேண்டும். இதை வேகம் உச்சிக்குப் போகுமுன் செய்தால்தான் பலன். பிறகு செய்தால் கிளட்ச் எரியும், சிதறவும் கூடும். ஆட்டோமேட்டிக் கியரில் இது நடக்காது. சிலிண்டர் அழுத்தத்தை வெளிவிடும் டீகம்ப்ரஷன் லீவர் உள்ள சிறிய எஞ்சினில் அதைத் தூக்கியும் நிறுத்தலாம்.

காற்றை அடைக்கக் கையோ துணியோ கூடாது. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் 10 செ.மீ விட்டமென்றால் அதன் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. பாதி வெற்றிடம் உண்டானாலே 40 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அட்டை மடிந்து உள்ளே போகும், துணி டர்போ வரை போகும், கை மாட்டிக்கொள்ளும். 12 மி.மீ பிளைவுட்டை வாயைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ பெரிதாக வெட்டி, ஒரு முகத்தில் 5 மி.மீ ரப்பர் ஷீட் ஒட்டி, மறுமுகத்தில் கைப்பிடி வையுங்கள். செலவு அற்பம். V வடிவ எஞ்சினில் இரண்டு வாய் இருந்தால் இரண்டு பலகை, இரண்டு ஆள். பலகை வைத்தவுடன் எஞ்சின் சாகாது, பைப்பில் உள்ள காற்று தீரச் சில நொடி ஆகும். சத்தம் இறங்குகிறதே என்று கையை எடுத்தால் மறுபடி சீறும். கிராங்க் முழுக்க நிற்கும் வரை எடுக்கக் கூடாது.

பலகை கிடைக்காவிட்டால் கார்பன் டைஆக்சைடு தீயணைப்பானை வாய்க்குள் இடைவிடாமல் அடிக்கலாம். மூடிய அறையில் அது மூச்சையும் அடைக்கும் என்பதால் நின்றதும் வெளியேற வேண்டும். பவுடர் வகையை நம்ப வேண்டாம். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ள) எஞ்சினின் ஹை பிரஷர் பைப்பை ஓடும்போது தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். எஞ்சினின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்து வருவதும், பிளைவீலும் ஃபேனும் சிதறுவதும் அந்தத் திசையில்தான். அடைக்க வழியில்லை, வேகம் ஏறிவிட்டது என்றால் ஓட வேண்டியதுதான். எஞ்சின் போகட்டும்.

நின்ற பிறகும் அவசரம் வேண்டாம். சூடான ஆயில் ஆவி உள்ளே இருக்கும்போது கிராங்க்கேஸ் மூடியைத் திறந்தால், புதுக்காற்று புகுந்து வெடிக்கலாம். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். டர்போவை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பிவிடாதீர்கள். 2,200 ஆர்.பி.எம்-க்கான எஞ்சின் 4,400 தொட்டிருந்தால் ராட் போல்ட் தாங்கிய இழுவிசை நான்கு மடங்கு. போல்ட், பேரிங், புஷ் ராட், வால்வு, பிளைவீல், கிளட்ச் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும்.

நிலையான எஞ்சின்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் தானாக மூடும் ஏர் ஷட்டாஃப் வால்வு இருக்கிறது. அமெரிக்கக் கடல் எண்ணெய்த் துரப்பண விதிகள் டீசல் எஞ்சின்களுக்கு இத்தகைய சாதனத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. எரிவாயு கசியக்கூடிய இடங்களில் வேலை செய்யும் எஞ்சினுக்கு அதை வாங்கித்தருவது பொறுப்பாளர்களின் கடமை.

பயிற்சிக்கூடத்தில் ஒரு நல்ல எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு மாணவரும் பலகையை வைத்து நிறுத்திப் பார்க்கட்டும். கைப்பிடி வழியே இழுப்பு ஏறுவதும், எஞ்சின் திணறி அடங்குவதும் அவர் கைக்குத் தெரியட்டும். ஐடிலில் மட்டும் செய்யுங்கள். அந்த வெற்றிடம் டர்போ சீல் வழியே ஆயிலை இழுக்கும், எனவே அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் இன்டேக் பைப்பைத் திறந்து பாருங்கள்.

பட்டறையில் டர்போ, பம்ப், ஹெட் வேலை முடிந்த எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, சாவியில் ஓர் ஆள், காற்று வாயருகே பலகையோடு ஓர் ஆள் என்று விதி வையுங்கள். ஃபில்டர் பெட்டியின் வாய் கைக்கு எட்டாவிட்டால் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பைப்பை முன்கூட்டியே கழற்றி வையுங்கள். பலகை ஆள் "ரெடி" சொல்லும் வரை சாவி திரும்பக் கூடாது.

அன்புடன்,
டீசல் எஞ்சின் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்