ஷியாமெய் கால்வாய்க் கரையில்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? விவரமாக எழுது.

சீனப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஷாங்காயைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபூஜியன் மாகாணத்தில் வூயி மலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஷியாமெய் கிராமத்தைப் பற்றித்தான் உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஊர் நடுவே தாங்ஷி என்றொரு கால்வாய். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, மெய்ஷி ஆற்றில் போய்ச் சேர்கிறது. கரையோரம் ஓடு வேய்ந்த தாழ்வாரமும் சாய்ந்து உட்கார மரப்பெஞ்சும். நான் போனபோது படித்துறையில் ஒரு பாட்டி குத்தவைத்துக் கீரை அலசிக்கொண்டிருந்தார்.

அந்தத் தண்ணீரில்தான், சேகர், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய காங்ஷி பேரரசர் காலத்தில் தேயிலைச் சந்தை உச்சத்தில் இருந்தபோது தினமும் 300 தெப்பங்கள் போய்வந்ததாகப் பழைய வட்டாரக் குறிப்பு சொல்கிறது. ஷான்ஷி வணிகர்கள் இங்கே வாங்கிய தேயிலை கணவாய் தாண்டி, ஆறுகளில் மிதந்து, ஒட்டகத்தில் மங்கோலியாவைக் கடந்து, ரஷ்ய எல்லையில் கியாக்தா சந்தைக்குப் போயிருக்கிறது. எத்தனை தோள்கள் ஏற்றி இறக்கியிருக்கும்! தேயிலை என்றால் மலை என்றே நினைத்துவந்த எனக்கு, அதைத் தேசம் தாண்ட வைத்தது ஆறுதான் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அந்தத் தேயிலை வியாபாரத்தில் செழித்த ட்சோ குடும்பத்தின் மூதாதையர் மண்டபம் இன்றும் இருக்கிறது. முகப்பெல்லாம் செங்கல் சிற்பம். உள்ளே தூணை உற்றுப் பார்த்தால், நான்கு மரத்துண்டுகளை ஒன்றாக இணைத்திருப்பது தெரியும். நான்கு சகோதரர்களின் ஒற்றுமைக்கு அடையாளமாம். உன் அண்ணன் தம்பிகளை நினைத்துக்கொண்டேன்.

அபினிப் போருக்குப் பின் பிரிட்டனோடு செய்துகொண்ட 1842 நான்ஜிங் ஒப்பந்தத்தால் ஃபூஜோ முதலிய துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்ததும் சரக்கு கடல் பக்கம் திரும்பிவிட்டது, ஊர் ஓய்ந்தது. ஓய்ந்ததால்தான் பழைய வீடுகள் தப்பின என்று எனக்குத் தோன்றுகிறது.

கரையோரக் கடையில், வூயி மலைப் பாறைகளிடையே விளையும் 'பாறைத் தேநீர்' குடித்தேன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் இலையைப் போட்டு, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடைக்காரம்மா மூடியை நீட்டி முகரச் சொன்னார். கரிநெருப்பில் வாட்டிய வாசம். நாலாவது முறை ஊற்றித் தந்தபோது புகைமணம் அடங்கி, தொண்டையில் இனிப்பு நின்றது. உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இலை பறிப்பு ஏப்ரல் கடைசியில் தொடங்குகிறது. நீ ஓய்வுபெற்றதும் அந்தச் சமயமாகப் பார்த்துச் சேர்ந்தே போவோம். பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்து வை.

அன்புடன்,
ராமநாதன்