வீட்டு மொழிக்கும் பாடநூலில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுபான்மை மொழிகளையும் உள்ளூர்ப் பண்பாட்டையும் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொன்னால், ஆண்டுவிழாவில் ஒரு நாட்டுப்புற நடனம், பாடநூலின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி என்று முடித்துவிடுகிறார்கள். அது போதவே போதாது.

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை, முதல் வகுப்பில் வேறு மொழியில் கேள்வி வந்ததும் வாயடைத்துப்போகிறது. மூன்றும் நான்கும் எவ்வளவு என்று அதற்கு நன்றாகவே தெரியும். கேட்டது புரியவில்லை, அவ்வளவுதான். அதற்குள் ‘மந்தம்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் 1982இல் தங்கள் மொழியிலேயே மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். தாத்தா பாட்டிகளே அங்கே பேசிப் பழக்கினார்கள். 1987இல் அம்மொழி அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. நார்வே 1997இல் அங்குள்ள ‘சாமி’ என்ற பழங்குடி மக்களுக்கெனத் தனிப் பாடத்திட்டமே கொண்டுவந்தது. பேசுவோர் குறைவு என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

பொது மொழியில் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களோ என்ற பெற்றோரின் பயம் புரிகிறது. சரி, முதல் சில ஆண்டுகள் வீட்டு மொழியில் எழுதப் படிக்கப் பழகட்டும். அப்புறம் பொது மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மொழியில் சரளமாக வாசிப்பவருக்கு அடுத்த மொழி அவ்வளவு மிரட்டாது.

உண்மையான சிக்கல் ஆசிரியர்கள்தான். அந்தந்த மொழி பேசும் இளைஞர்களுக்கே ஆசிரியர் பயிற்சியில் இடம் ஒதுக்க வேண்டும். பாடநூல் எழுதும் குழுவிலும் அந்தச் சமூகத்தார் இருக்க வேண்டும். வேறு யாரோ எழுதியதை மொழிபெயர்த்துக் கொடுத்தால், அது அவர்களுடைய பாடநூல் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்